யாருக்கும் மூச்சு வாங்கவில்லை

இதயத்தைப் படம் எடுக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: வருகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு வரமாட்டார்கள், அதனால் நாமும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. கல்யாண வீட்டுப் போட்டோக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ரயில்வே கவுன்டர், ரேஷன் கடை, மின்வாரிய ஆபீஸ் என்று எங்கேயாவது உட்கார்ந்து, நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே பொய்யைப் பதிலாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சக பாவிகளே, இது உங்களுக்காக. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஈ.சி.ஜி. எடுப்பது, பிற்பாடு எக்கோ மிஷின் வந்ததும் அதைப் பிடிப்பது, இரண்டும்தான் வேலை. பெண்களுக்குப் பெண்தான் எடுக்க வேண்டும் என்பதால் மார்பில் புற்றுநோய் வந்த பெண்கள் எல்லாரும் என் கட்டிலுக்குத்தான் வந்தார்கள்.

மார்பில் நோய் என்றால் இதயத்துக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்பீர்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு அவர்களுக்கு ஒரு சிவப்பு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். பார்ப்பதற்குப் பெட்டிக்கடையில் விற்கிற கலர் மாதிரி இருக்கும். உடம்பில் மிச்சம் மீதி ஒளிந்திருக்கிற புற்றைத் தின்கிற மருந்து அது. சில பேருக்கு இதயத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். தின்ன ஆரம்பித்ததை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் மருந்தை நிறுத்தி, இருக்கிற இதயத்தையாவது காப்பாற்றலாம். விட்டுவிட்டால் பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் எங்கள் அறைக்கு வந்து, எங்கள் டாக்டர் ‘போடலாம்’ என்று எழுதின பிறகுதான் வார்டுக்குப் போக முடியும்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரு கோளாறு. மருந்தை நிறுத்துவது இதயத்தைக் காப்பாற்றுகிற காரியம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களைக் கேட்டால், மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்றால் ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது என்று அர்த்தம், வீட்டுக்குப் போய்ச் சாவுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஆகவே என் அறைக்கு வந்த பெண்கள் எல்லாரும் மிகவும் ஆரோக்கியமாக இருந்தார்கள்.

கரண்டு வைக்கிற அறை

சுற்றுவட்டாரத்தில் எங்கள் அறைக்கு அதுதான் பெயர். கை காலில் பட்டையைக் கட்டி, மார்பில் ரப்பர் குமிழை ஒட்டி, வயரை மாட்டினால் கரண்டு உள்ளே போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உள்ளே ஒன்றும் போகவில்லை, இதயத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரத்தைத்தான் இந்த மிஷின் எழுதிக் காட்டுகிறது என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, எழுந்து போகும்போது, இன்றைக்குக் கரண்டு கொஞ்சம் கம்மிதான் என்று குறைபட்டுக்கொள்வார்கள்.

கணியம்பாடிப் பக்கம் களை எடுக்கப் போகிற முனியம்மா என்று ஒருத்தி. பட்டையை அவிழ்த்த பிறகும் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். வார்டில் ஊசி போட்டால் வாந்தி, வாயெல்லாம் புண், தலையில் முடி இல்லை. என் அறையில் ஃபேன் ஓடுகிறது, அசையாமல் படுத்திரு என்று ஒருத்தி சொல்கிறாள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அசையாமல் படுத்திரு என்று சொன்னதில்லையாம். ஒரு தடவை அவள் சும்மா படுத்திருக்கும்போதே இதயம் மூட்டை தூக்கி ஓடுகிறவளுடையது மாதிரி ஓடியது. காகிதத்தில் போன தடவை உயரமாக இருந்த கோடுகள் குட்டையாகியிருந்தன. சிவப்பு மருந்து கெடுத்ததற்கு அவையெல்லாம் முதல் அறிகுறிகள். டாக்டர் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று எழுதினார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். சொன்னதும் அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அத நிறுத்தினா நிறுத்திக்கட்டும்மா, அதுல வாந்தி தான் வருது. நீங்க வெக்கிற கரண்டுல தான் நான் பொழச்சிகினு கீறேன், அத மட்டும் நிறுத்திடாதீங்க."

திரைக்கு அந்தப் பக்கம்

வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு பாயின் மனைவி ஜமீலா அம்மா. அவரை மாதிரி மனைவி மேல் உயிரை வைத்திருந்த மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதுதான் தொல்லை. அந்த அம்மா கட்டிலில் படுத்திருப்பார், பாய் திரைக்கு அந்தப் பக்கம் நிற்பார். நான் கேள்வி கேட்பேன், திரை பதில் சொல்லும். படி ஏறினால் மூச்சு வாங்குதா? இல்லே சிஸ்டர். கால் வீங்குதா? இல்லவே இல்லே. ராத்திரி இருமல்? அல்லா புண்ணியத்துல ஒண்ணும் இல்லே. ஜமீலா அம்மா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாவே சொல்லட்டும் என்று ஒருமுறை நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவள் சொல்வதைத்தானே நான் சொல்கிறேன் என்று திரைக்கு வருத்தம் வந்துவிட்டது.

எக்கோவில் கருவியை வைத்தால் இதயம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. எனக்குச் சந்தேகம். பழைய எக்ஸ்ரே வேண்டும், நீங்களே போய் வாங்கி வந்தால்தான் ஆகும் என்று பாயை அனுப்பினேன். அந்த எக்ஸ்ரே என் மேஜை டிராயரில்தான் இருந்தது. செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைகிற வரை அந்த அம்மா காத்திருந்தார். பிறகு, மாடிக்குப் போவதையே விட்டுவிட்டதாகவும், படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவதாகவும், இருமினால் பாய் எழுந்து உட்கார்ந்து அழுகிறார் என்பதற்காக முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வதாகவும் சொன்னார். பாவி மனுஷி, இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை, அவர் பொய் சொல்லும்போது ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"அவர் பொய் சொல்லல சிஸ்டர். படி ஏறினா அவருக்கு மூச்சு வாங்கறதில்ல. எனக்கு தான் வாங்குது, என்ன யாரும் கேக்கல."

பெஞ்சில் நடந்த பாடம்

என் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஊசிக்கு முன்னால் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அதில்தான் காத்திருக்க வேண்டும். அந்த பெஞ்சுக்குத் தலைவியாக வந்து சேர்ந்தவள் ஆம்பூர் அம்சா.

அம்சா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள். இடது மார்பை எடுத்திருந்தார்கள். வாய் மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே வந்து படுத்ததும் அவள் முதலில் பேசுவது உடம்பைப் பற்றி இல்லை, மிஷினைப் பற்றித்தான். அவளுடைய தையல் மிஷினில் இப்போது தங்கை வசந்தா பதிலியாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அப்படி ஒரு நடைமுறை: ஒருத்தி படுத்துவிட்டால் சொந்தத்தில் இன்னொருத்தி போய் அவள் இடத்தில் உட்கார்ந்து ஓட்டுவாள். மிஷின் ஓடினால் சரி, மூஞ்சியை யார் பார்க்கிறார்கள். ஆனால் ரொம்ப நாள் தாங்காது. ஊசிகளையெல்லாம் முடித்துக்கொண்டு, கம்பெனி மனசு மாறுவதற்குள் தன் மிஷினில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அம்சாவின் குறி. நடுவில் ஊசியை நிறுத்தினால் நோயும் போகாது, மிஷினும் போய்விடும். அதனால் நிறுத்த விடக்கூடாது. தனக்கு மட்டும் இல்லை, பெஞ்சில் இருக்கிற ஒருத்திக்கும் நிறுத்த விடக்கூடாது.

கதவு ஒன்றும் கெட்டிக் கதவு இல்லை. அவள் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது எனக்கு நன்றாகக் கேட்கும். வாசலில் நின்று மூச்சை விட்டுக்கொண்டு அப்புறம் உள்ளே போ. படி ஏறினால் ஒன்றும் இல்லை என்று சொல். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று உள்ளே இருக்கிறவள் கேட்பாள், ஒன்று என்று சொல், இரண்டு என்று சொன்னால் போச்சு. இதயம் தளர்ந்துபோனவர்களுக்குத் தட்டையாகப் படுக்க முடியாது, தலையை உயர்த்திக்கொண்டே போவார்கள், அதற்காகத்தான் நாங்கள் தலையணைக் கணக்கைக் கேட்பது. நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை அம்சா பெஞ்சில் உட்கார்ந்தே கண்டுபிடித்து, அதற்கு மாற்றும் கண்டுபிடித்துவிட்டாள். வெளியே போய்ச் சண்டை போட்டேன். உன்னால் ஒருத்தி செத்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அவள் என் கோபம் தீருகிற வரை பொறுமையாக இருந்துவிட்டு, உங்களுக்கு டீ வாங்கி வரட்டுமா சிஸ்டர் என்றாள்.

அந்தப் பாடத்தின்படி நடந்தவர்களில் சோளிங்கரிலிருந்து வருகிற பால்காரப் பெண் ஒருத்தி. தலையணை ஒன்று என்றாள், எழுதிக்கொண்டேன். எக்கோவில் பார்த்தால் இதயம் களைத்துப்போயிருந்தது. கருவியைக் கீழே வைத்துவிட்டு, உண்மையைச் சொல், ஒரே தலையணைதானா என்று இன்னொரு முறை கேட்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. பொய் சொல்கிற பெண் இல்லை அவள்.

"தலகாணி ஒண்ணு தான் சிஸ்டர், எங்க மலை மேல கீற சாமி சத்தியமா. அதுக்கு கீழ தவுட்டு மூட்ட வெச்சிக்கிறேன், அத நீங்க கேக்கல."

யார் கையெழுத்துப் போடுவது

அதற்குப் பிறகு தலையணையைக் கேட்பதை விட்டுவிட்டேன். வீட்டில் எப்படிப் படுப்பாயோ அப்படிப் படுத்துக் காட்டு என்று கட்டிலைக் காட்டிவிடுவேன். அம்சா தட்டையாகப் படுத்துக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு, மூக்கு விடைக்க, சத்தம் வராமல் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

எக்கோவில் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி வைக்க வேண்டும். மார்பை எடுத்தவர்களுக்கு இதயம் பளிச்சென்று தெரியும். இப்படி ஒரு வசதியைச் சொல்லவே எனக்கு நாக்கூசுகிறது. அம்சாவின் தழும்பைப் பார்த்துக்கொண்டுதான் அதன் மேல் வைத்து அழுத்துவேன். அன்றைக்கு வந்த காகிதத்தை முதன்முதலில் எடுத்த காகிதத்தின் பக்கத்தில் வைத்து எங்கள் டாக்டர் அளந்தார். இதயத்தின் சுவர் முன்பு மாதிரி உள்ளே வந்து இறுக்கவில்லை. மோசம் என்று சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. அம்சாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, புற்றுநோய் வார்டு டாக்டரம்மாவை வரச் சொன்னார். அந்த அம்மா நல்லவர், ஆனால் அம்சாவின் அக்குளில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஆபரேஷன் சமயத்தில் பார்த்தவர். நிறுத்தினால் நோய் திரும்பி வரும் என்றார். போட்டால் இதயம் நின்றுவிடும் என்றார் எங்கள் டாக்டர். என் மிஷினுக்கு முன்னால் இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல் ரொம்ப நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில், இந்த ஊசியைப் போடுவது, அடுத்ததற்கு முன்னால் மறுபடி பார்ப்பது, கொஞ்சம் இறங்கியிருந்தாலும் அதோடு சரி என்று முடிவாயிற்று. காகிதத்தில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"நான் நிறுத்தினா கேன்சர்ல போயிடுவா, நீங்க நிறுத்தலன்னா ஹார்ட்ல போயிடுவா. நம்ம ரெண்டு பேர்ல யார் கையெழுத்துல போகணும்னு மட்டும் தான் முடிவு பண்றோம்."

பதிலி

கதவு கெட்டி இல்லை என்று முன்பே சொன்னேன். அடுத்த பரிசோதனையில்தான் தன் விதி என்பதை அம்சா வெளியே பெஞ்சிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டாள். போகும்போது என்னிடம், அடுத்த தடவையும் நீங்கள்தானே எடுப்பீர்கள் என்று கேட்டாள். நான் அந்த வாரம் லீவு, எங்கள் ஊர் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, என் இடத்தில் வேலைக்கு ஒரு புதுப் பெண் வருவாள், பயப்படாதே, நல்ல பெண்தான் என்று ஆறுதல் சொன்னேன். அம்சா பயப்படவில்லை. முகம் தெளிந்துதான் போனாள். எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் புதுப் பெண்ணுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, என் லீவு போயிற்று. பண்டிகைக்குப் போக முடியாத எரிச்சலோடு உட்கார்ந்து பெயரைக் கூப்பிட்டேன். அம்சா என்றதும் தலையில் துணி கட்டின ஒருத்தி அம்சாவின் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சாயல் அம்சாவின் சாயல்தான். நடைதான் அவளுடையது இல்லை. வாசலில் நின்று மூச்சு விட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டாள். என்னைப் புதுப் பெண் என்று நினைத்து, இவ்வளவு வயதில் புதுசாக வேலைக்கு வந்திருக்கிறாளே என்று சந்தேகமாகவும் பார்த்தாள். பெயர் கேட்டேன், அம்சா என்றாள். ஊர் கேட்டேன், சரியாகச் சொன்னாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். வாங்கவில்லை என்றாள். என் சர்வீஸில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

ரவிக்கையைத் தளர்த்தச் சொன்னேன். இடது பக்கம் பஞ்சை வைத்து, கிழிந்த வேட்டித் துணியால் சுற்றிச் சுற்றி மூச்சுத் திணறுகிற அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தாள். புண் ஆறவில்லை, தொடக்கூடாது என்று வார்டில் சொன்னார்களாம். நான் துணியைத் தொடவில்லை. தலையில் கட்டியிருந்ததை மட்டும் மெதுவாக எடுத்தேன். கொண்டையாகச் சுருட்டி வைத்திருந்த கனத்த பின்னல் முதுகில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ வசந்தாதானே, அம்சா எங்கே என்று கேட்டேன். பின்னலை மறுபடி சுருட்டிக்கொண்டே, வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டிலிருந்து இவ்வளவு தூரம் அவளால் நடக்க முடியவில்லை என்றாள். இதில் ஆள் மாறினால் அவள் செத்துப்போவாள், தெரியாதா என்றேன். வசந்தா என் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கம்பெனில அவளுக்கு பதிலா நான் ஓட்றேன் சிஸ்டர், சூப்பர்வைசர் கூட ஒண்ணும் சொல்லல. என் ஹார்ட்டு நல்லா கீது, இங்கயும் நான் ஓட்டிட்டா அக்காவுக்கு ஊசி போட்டுடுவாங்கன்னு நெனச்சோம்."

சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து வந்தவள்

வீல்சேரை எடுத்துக்கொண்டு நானே போனேன். அம்சா யாருடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், லீவு என்றீர்களே என்று கேட்டாள். அதைக் கேட்கவே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே தள்ளி வந்தேன். என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது. அறைக்கு வந்து கதவைச் சாத்தினதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். புதுப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்திருப்பாளே, எந்தத் தைரியத்தில் செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை என்றாள் அம்சா. நர்ஸ் ஆனாலும் சரி, கட்டினவன் ஆனாலும் சரி, துணியை விலக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நீங்கள் ஒருத்திதான் நேராகப் பார்க்கிறவள், அதனால்தான் நீங்கள் இல்லாத நாளாகப் பார்த்து வந்தோம் என்றாள்.

எக்கோவில் அவள் இதயம் ஈரத்துணி காற்றில் அசைகிற மாதிரி அசைந்தது. அளந்து பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தும் டாக்டர் அளந்தார். சிவப்பு மருந்து இனி இல்லை, சிறுநீர் போகிற மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு, போன மாதமே மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்சாவும் கோபமில்லாமல்தான் பதில் சொன்னாள்:

"சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பீங்க சார். சொல்லாததால ஒரு ஊசி ஜாஸ்தி கெடச்சிதில்ல."

பர்மனென்ட்

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, கொலுசு மறுபடி ஆடியது, கேட்டிலிருந்து என் அறை வரை அம்சா இடையில் நின்று நின்று நடந்தே வந்தாள். ஆனால் பெஞ்சு மாறிவிட்டது. ஊசி நிறுத்தப்பட்டவள் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பை எடுக்கிற மாதிரியும் குழந்தையைப் பார்க்கிற மாதிரியும் நகர்ந்துவிடுவார்கள். எவளுக்கு அவள் பாடம் சொல்லிக் கொடுத்தாளோ அவளே எழுந்து போய் எதிர்ச்சுவரில் சாய்ந்துகொள்வாள். அம்சா எதையும் கவனிக்காதவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பாள். எனக்கு மனசு கேட்காமல் அவளை வரிசை இல்லாமல் உள்ளே கூப்பிட்டுக்கொள்வேன். உப்பில்லாத குழம்பைப் பற்றிப் புலம்புவாள். எப்போது மிஷினுக்குப் போகலாம் என்று கேட்பாள். இதயம் கொஞ்சம் தேறட்டும் என்பேன். இதயம் தேறிக்கொண்டுதான் இருந்தது. அதற்குள் புற்று முதுகெலும்பில் போய் உட்கார்ந்துவிட்டது. வார்டு டாக்டரம்மா சொன்னதும் பலித்தது, எங்கள் டாக்டர் சொன்னதும் பலித்தது. இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அதன் பிறகு அம்சா வரவில்லை.

ஒரு மழை நாளில் வசந்தா மட்டும் வந்தாள். தலையில் துணி இல்லை. பின்னலில் தோல் வாசனை. பெயரைக் கூப்பிடுகிற வரை பெஞ்சில் காத்திருந்துவிட்டு, உள்ளே வந்து அம்சாவின் ஆஸ்பத்திரி கார்டை இரண்டு கையாலும் நீட்டினாள். கம்பெனியில் ஆள் நின்றுபோனால் கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று பஸ் ஏறிக் கொண்டுவந்திருக்கிறாள். இதையெல்லாம் நாங்கள் திருப்பி வாங்குவதில்லை, இருந்தும் வாங்கிக்கொண்டேன். எப்போது என்று கேட்டேன், சொன்னாள். கஷ்டப்பட்டாளா என்று கேட்டேன். முதுகு வலிதான் ஜாஸ்தி, மூச்சு வாங்கவில்லை, கடைசி வரைக்கும் மூச்சு நன்றாகத்தான் இருந்தது, அதை உங்களிடம் சொல்லச் சொன்னாள் என்றாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள். நீ எப்படி இருக்கிறாய், வேலை இருக்கிறதா என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, நல்ல செய்தியைச் சொல்கிற குரலை வரவழைக்கப் பார்த்து, வராமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"பர்மனென்ட் பண்ணிட்டாங்க சிஸ்டர். அக்கா மிஷின என் பேருக்கு மாத்திட்டாங்க, இனிமே நான் யாருக்கும் பதிலி இல்ல."

அதற்குப் பிறகு இதயம் கெடுவதை முதலிலேயே கண்டுபிடிக்க ஒன்றை விட ஒன்று நல்ல மிஷினாக வந்தது, நானும் எல்லாவற்றையும் பிடித்துப் பழகி ரிடையரும் ஆகிவிட்டேன், ஆனால் நான் கதவைத் திறந்து கேட்ட கடைசி நாள் வரைக்கும் அந்த பெஞ்சில் ஒருத்திக்குக்கூட மூச்சு வாங்கினதில்லை.